சந்தேகம் அண்ணனும் புது கிராணியும்

ஆயர் குரோ ஊரில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிப் பிறக்கப்போகிறவர்களிலும் எதையுமே நம்பாத ஒரே மனிதர் எங்கள் சந்தேகம் அண்ணன்தான். மோட்டார்சைக்கிளுக்கு மூன்று பூட்டு. ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டுச் சமிக்ஞை விளக்குவரை போனவர், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். மடிக்கணினியின் கேமராவை மனைவியின் ஸ்டிக்கர் பொட்டால் மூடியிருந்தார். ஆயுத பூஜைப் பொட்டு என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் அதைத் தொட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவரும் நானும் ஒரு சின்ன மென்பொருள் ஆபீஸில் புரோகிராமர்கள். கேட்டதும் புரோகிராம் எழுதித் தரும் ஏஐ வந்தபோது நாங்கள் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். அண்ணன் மட்டும், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவைச் சொல்வதுபோல், அதற்குப் ‘புது கிராணி’ என்று பேர் வைத்தார்.

“சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுது லா. எனக்கு அதான் பயமா இருக்கு” என்பார். நாங்கள் சிரிப்போம்.

அப்போது மெர்லிமா என்ற சின்ன ஊரில் ஒரு கிளினிக்குக்கு நோயாளிகளின் இணையப் பதிவேட்டைச் செய்துகொண்டிருந்தோம். கிளினிக்கில் ஒரு வாரமாக அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதன் முகவரி ஊராரின் கைப்பேசிக்கெல்லாம் போகும். அவர்களே அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொள்ளலாம்.

கிளினிக் கவுன்டரில் இருந்த ஆன்ட்டிக்குப் பாஸ்வேர்ட் மட்டும் ஞாபகம் நிற்காது. “ஐயோ, அது இல்லாம செஞ்சு குடும்மா” என்று தினமும் போன். ஆன்ட்டிக்குச் சிரமம் இல்லாமல் செய் என்று கிராணியிடம் சொன்னேன். ஒரே நிமிடத்தில் செய்து முடித்து எனக்கு வாழ்த்தும் சொன்னது. ஆன்ட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஒரு வரியைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, இத யாரு எழுதுனா?”

“ஏஐதாண்ணே.”

“சரி. யாரு படிச்சா?”

அண்ணன் கைப்பேசியை நீட்டினார். பாஸ்வேர்ட் கேட்காமலே ஒரு நோயாளியின் பக்கம் திறந்திருந்தது. அடையாள அட்டையின் ஐசி நம்பர், வியாதி, மருந்து, எல்லாம்.

“முகவரி கடைசியில ஒரு பேஷண்ட் நம்பர போட்டேன், தொறந்துருச்சு. வேற நம்பர் போட்டா வேற ஆளு வரும்.”

ஆன்ட்டிக்காக எடுக்கச் சொன்ன பூட்டை, கிராணி ஊருக்கே எடுத்துவிட்டிருந்தது. மெர்லிமாவில் யாருக்கு யாரைத் தெரியாது? யாருக்குக் காசநோய், யாருக்குக் கர்ப்பம் தங்கவில்லை என்பதெல்லாம் மத்தியானத்துக்குள் பசார் கடைகளில் பேச்சாகிவிடும். எனக்கு எந்தப் பொத்தானை அழுத்துவதென்றே தெரியவில்லை.

அண்ணனே குனிந்து அத்தனையையும் நிறுத்தினார். முதலாளி ஓடிவந்து கத்தினார்.

“நாந்தான் நிறுத்துனேன் பாஸ். இன்னிக்கு போகாது லா.”

என் பேர் அவர் வாயில் வரவேயில்லை.

கோளாறைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் அவர் காட்டிய அந்தப் பக்கத்தின் மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். அண்ணனுடையது. அவரும் அந்தக் கிளினிக்கில் வைத்தியம் பார்ப்பவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஓயாத பதற்றம், தூக்கமின்மை, தினம் ஒரு மாத்திரை. அடுத்தவர் நோயை எட்டிப்பார்க்க மனம் வராமல், தன்னுடையதையே திறந்து என்னிடம் நீட்டியிருக்கிறார்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேர மட்டும் போட்டுராத” என்றார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இல்லையே என்ற குறை அந்தத் திங்கட்கிழமையோடு போய்விட்டது.