ஜீப்புக்கு அச்சு மாற்றிய விவரம்

என் மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் முழங்கால் பாதி நலம். அங்கு நீங்களும், நீங்கள் மூன்று மணிக்கு ஒருதரம் அளந்து எழுதும் காற்றும் நலமா? ஜீப்பின் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை நீங்கள் பாறைமேல் ஏறி நின்று கத்தியதில் "ஹலோ", "கேக்குதா", "காத்து ஜாஸ்தி" என்ற மூன்றுதான் இங்கே வந்து சேர்ந்தன. ஏழு மாதமாகக் கண்ணால் பார்க்காத புருஷன் பேசியது அவ்வளவுதான், அதிலும் ஒன்று காற்றைப் பற்றி. மாற்று ஆள் வராமல் நீங்கள் அந்த மலை உச்சி வானிலை ஆய்வுக்கூடத்தை விட்டு இறங்க முடியாது, சரி. உங்களுக்கு ரேஷன் ஏற்றி வரும் டிராக்டரில் ஒருதரம் தொற்றிக்கொண்டு பாதி வழி வந்ததற்கே எட்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், அதனால் நான் இனி அதில் ஏற முடியாது. இன்னும் பத்து நாளில் மழை பிடித்தால் மலைப்பாதையை நாலு மாதத்துக்கு மூடிவிடுவார்கள். நம் ஜீப் ஏறினால் இப்போது பார்க்கலாம், இல்லையென்றால் மொத்தம் பதினோரு மாதம். இப்படி ஆகும் என்று போன மாதமே விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் ஜீப்பின் வயிற்றில் கை வைக்கத் துணிந்தேன்.

முதலில் பழியை உரிய இடத்தில் வைத்துவிடுகிறேன். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அந்த யானைக்கால் டயர்களை வாங்கி மாட்டியது யார்? நான் இல்லை. போன மாதம் அந்த டயர்களோடு மலை ஏறப் பார்த்தேன். முதல் வளைவில் ஜீப் முனகியது, இரண்டாவது வளைவில் அழுதது, மூன்றாவது வளைவில் அடியில் 'மளுக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பின் அச்சு இரண்டு துண்டு. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "டயரைப் பெருசாக்கினா கியரையும் அதுக்குத் தக்கன மாத்தணும்மா. இல்லேன்னா இன்ஜின் எவ்ளோ முக்கினாலும் சக்கரம் அசையாது. சார் இத யோசிக்கலையா?" என்றார். சார் எதைத்தான் யோசித்தார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வீட்டு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

இந்த மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் "ஆயிடும்மா" என்பார், அதனால் நம் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு ஆயிடும் அண்ணன் என்று பெயர். பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் தேடிப் பிடித்து, லாரிக்குச் சமமான தடிமனில் முன்னுக்கொன்று, பின்னுக்கொன்று என இரண்டு அச்சுகள் கொண்டுவந்தார். அச்சுக்குள்ளே பல் அதிகமுள்ள பெரிய பல்சக்கரம் வைத்தால் வேகம் குறையும், இழுவை கூடும், சுவரிலும் ஏறும் என்றார். மூன்று வாரம் ஜீப் நம் ஸ்கூல் வாசலில் மரக்கட்டைகள்மேல் சக்கரம் இல்லாமல் நின்றது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் நான் போய் டார்ச் பிடித்தேன், கிரீஸ் எடுத்துக் கொடுத்தேன். இருபது வருடமாக ஊருக்கே கியர் போடக் கற்றுக்கொடுக்கிறவள், அந்த கியர் எங்கே போய் என்ன செய்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன்.

நேற்று முன்தினம் வேலை முடிந்தது. உங்களுக்குப் பிடித்த அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், சும்மா ஓட்டிப் பார்க்கத்தான், இருந்தாலும் கட்டிக்கொண்டு போனேன். ஆயிடும் அண்ணன் நின்றார். என்னிடம் கார் ஓட்டக் கற்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் கைகட்டி நின்றார். நான் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, பதமாக விட்டேன். ஜீப் பின்னால் போனது. போய், 'நிதானமே பாதுகாப்பு' என்று எழுதிய நம் ஸ்கூல் போர்டைச் சாய்த்துவிட்டு நின்றது. ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் வந்து, நான் தினமும் அவரிடம் கேட்கும் அதே குரலில், "கியர் பாத்துப் போட்டீங்களாம்மா?" என்றார். பார்த்துத்தான் போட்டேன். இரண்டாவது கியரிலும் பின்னால்தான் போனது, இன்னும் ஜோராக. ரிவர்ஸ் போட்டால் முன்னால் வந்தது. மூன்றையும் நான்கையும் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் அடியில் புகுந்து கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "பெரிய பல்சக்கரத்தப் பக்கம் மாத்தி வச்சிட்டேன்மா. ரெண்டு அச்சுலயும். அதான் சக்கரம் தலைகீழாச் சுத்துது" என்றார். சரி, ரிவர்ஸைப் போட்டுக்கொண்டே முன்னால் ஏறிவிடலாமே என்றேன். "ரிவர்ஸ் பல்லு பொடிசும்மா, அவ்ளோ தூரம் இழுத்தா சூடேறி உடைஞ்சிரும்." பிரித்து மாட்ட எத்தனை நாள் என்றேன். அவர் ஆயிடும் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் என்றார். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன். பாவம், அவரும் துடைத்த கையையே துடைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நாள் முழுக்க யாருக்காவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். பயந்தவர்கள், வியர்ப்பவர்கள், பிரேக்கென்று நினைத்து என் காலை மிதிப்பவர்கள், எல்லோருக்கும் பக்கத்தில் உட்காருகிறேன். பக்கத்தில் உட்கார வேண்டிய ஒரே ஆள் மலை உச்சியில் காற்றை அளந்துகொண்டிருக்கிறார். வீட்டில் ஒருத்திக்குச் சமைக்கத் தெரியாமல் தினமும் மிஞ்சுகிறது. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன்: நான் வரவில்லை. ஜீப்பை விற்றுவிடப் போகிறேன். நீங்கள் தினமும் வளைவில் வந்து நின்று ஜீப் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதாக டிராக்டர்காரர் சொன்னார், இனி அந்த வேலை வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே நிற்கவேண்டாம். மழை முடிந்து நீங்களே இறங்கி வாருங்கள், அதற்குள் எனக்குக் கோபம் ஆறியிருக்கும். சகல சௌக்கியங்களும் பெற்று, அந்தக் காற்றோடு ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மனைவி.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. இன்று காலை ஹெட்மாஸ்டருக்கு ரிவர்ஸ் வகுப்பு. தோளைத் திருப்புங்கள், கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள், அவசரப்படாதீர்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர், "ஏம்மா, மலை ஏறுறவங்க முன்பக்கமாத்தான் ஏறணும்னு சட்டமா?" என்று கேட்டார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, பழைய கல்குவாரி மேட்டுக்கு ஜீப்பைக் கொண்டுபோனேன். முதல் கியர், நான்கு சக்கரமும் இழுக்க, பின்பக்கமாகவே நான்கு தரம் ஏறினேன். ஒருதரம்கூட முனகவில்லை. டிராக்டர்காரர் இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை உங்களிடம் கொடுப்பார். ஞாயிறு விடிந்ததும் கிளம்புகிறேன், பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல ஆயிடும் அண்ணன் கூட வருகிறார். மொத்தம் பதினான்கு வளைவு, மதியத்துக்குள் ஏறிவிடுவேன். மேலேயிருந்து பார்த்தால் உங்களுக்கு ஜீப்பின் முதுகுதான் தெரியும். போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறேன்.