சாறு சாரும் மொட்டைக் கொய்யா மரமும்

கண்ணுக்குத் தெரிந்த எந்த உயிரோடும் சண்டை போடாமல், கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு மட்டுமே ஓயாமல் சண்டை போட்ட மனிதர் தொண்டை மண்டலத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மற்றவர்கள் முற்பிறவியில் ஏதோ புண்ணியம் செய்திருந்தார்கள்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடி அறை. கீழே தறி ஓடும். மேலே நானும் அவரும். நான் நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளர். பழமரம் எதைக் கண்டாலும் பழத்தை விட்டுவிட்டு இலையைப் பறித்து வந்து சாறு எடுப்பார். மாணவர்கள் 'சார்' என்பதைக் கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டதில் 'சாறு சார்' ஆகிவிட்டார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

கல்லூரியில் கழித்துப்போட்ட கண்ணாடித் தட்டுகளில் கடல்பாசிக் கூழை ஊற்றி, அதில் கிருமி வளர்ப்பார். விதைக் கிருமிக்காக அவர் வெளியே அலைந்ததில்லை. என் சட்டைக் காலர் இருந்தது. மூன்றாம் நாள் தட்டைக் கொண்டுவந்து, பெற்ற பிள்ளை முதல் ரேங்க் வாங்கியதுபோலக் காட்டுவார்.

"பாருபா, உன் கழுத்து அழுக்குதான். எப்படித் தளதளன்னு வளந்துக்கினு இருக்குது பாரு."

தட்டின் நடுவில் கொய்யா இலைச் சாற்றில் நனைத்த காகிதப் பொட்டு ஒன்று இருக்கும். அதைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். அந்த வட்டத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். நாவல் இலைக்கு இவ்வளவு, மாதுளை இலைக்கு இவ்வளவு. பட்டா நிலத்தைக்கூட எந்த சர்வேயரும் அத்தனை சிரத்தையாக அளந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மா பொறுமைசாலிதான். ஆனால் அவர் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு கொய்யா மரம்.

"இன்னா சார் இது, மரத்துல காய் இருக்குது, எல இல்ல. மொட்டை அடிச்ச புள்ளைக்குக் கம்மல் போட்ட மாரி நிக்குது."

"எலதாம்மா மருந்து. பழம் சும்மா, பசங்க துன்றதுக்கு."

அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த, தீபாவளிக்கு ஓர் உதவி செய்தார். முறுக்கு சுட வைத்திருந்த கடலை எண்ணெயில் மாவிலைத் தூளை ஊறப்போட்டு வடிகட்டிக் கொடுத்தார்.

"எண்ணெ காத்து பட்டுத்தாம்மா காறிப்போவுது, இரும்பு துரு பிடிக்கிற மாரி. மாவெலையில இருக்கிற சத்து அத்தத் தடுக்கும். ரெண்டு மாசம் ஆனாலும் முறுக்கு கெடாது."

முறுக்கு பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டின் நிறத்தில் வந்தது. அவர் சொன்னபடியே கெடவில்லை. கார்த்திகை தாண்டியும் அப்படியே இருந்தது. ஒருவரும் தொடாததால் தீரவும் இல்லை.

இதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? "இன்னும் ரெண்டே வருஷம்பா, ஆஸ்பத்திரிக்காரங்க ஈ ஓட்டிக்கினு உக்காந்திருப்பாங்க" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் நாவல் இலை பறிக்கப் போனோம். கீழே கோணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் காலில் துருப்பிடித்த ஆணி ஒன்று ஏறியது. அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் என் காலும் அவர் நோட்டில் ஏறிவிடும் என்ற பயம். செவ்வாய்க்கிழமை கால் பூசணிக்காய்போல வீங்கி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதுதான் அவர் பார்த்தார்.

"எப்பலேர்ந்துபா இப்டி இருக்குது?"

"ஞாயித்துக்கெழமைலேர்ந்து சார்." வலியில் நானே சரணடைந்தேன். "கொய்யாவோ நாவலோ, எதையாவது ஊத்துங்க சார்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "பேசாம எழுந்து வா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஏன் சார், ஊருக்கெல்லாம் எல, இவருக்கு மட்டும் ஆஸ்பத்திரியா?"

வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ சிரித்தார்கள். இலையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர், அன்று மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

"தட்டுல கிருமி செத்தது நெஜந்தாம்மா. ஆள் ஒடம்புல சாவுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத்த இவன் காலுல போட்டுப் பாக்க மாட்டேன்."

இனி அந்தத் தெருவில் அவர் பேச்சை யாரும் மதிக்கப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தார்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். நர்ஸ் பென்சிலின் ஊசியோடு வந்தார். எனக்குத்தான் ஊசி. ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்திருந்தவர் சாறு சார். நர்ஸ் போய் நெடுநேரம் ஆகியும் அவர் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.