இன்ஜின் பார்க்கப் போன லாரி பாய்

டெக்சாஸ் மாநிலத்திலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே, இன்ஜின் இல்லாத வண்டியை ஞாயிறு தவறாமல் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, டயருக்குக் காற்றடித்து, குளிர் வந்தால் போர்வையும் போர்த்திவிட்ட ஒரே மனிதர் எங்கள் லாரி பாய்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. டாலஸுக்கு வடக்கே எங்கள் தெருவில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது தேவைப்படவில்லை. மேலப்பாளையத்துக்காரர். ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர், அதாவது மற்றவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். கராஜில் ஒரு பழைய பிக்கப் டிரக் வைத்திருந்தார். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. நமக்குத் தொட்டி வைத்ததெல்லாம் லாரிதானே? அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் மனிதருக்கு மூக்கு சிவந்துவிடும்.

“லாரி இல்லைங்க. டிரக். லாரில செங்கல் ஏத்துவாங்க. இது ஸ்ட்ரீட் டிரக். சிக்னல்ல நின்னு எடுத்தா ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் பின்னால நிக்கும், பாத்துக்கிடுங்க.”

“இன்ஜின் எங்க பாய்?”

“அதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

வாங்கும்போது அதில் இன்ஜின் இருந்தது. ஓடவும் செய்தது. ‘தம் பத்தாது’ என்று கழற்றிப் போட்டுவிட்டார். பழைய கியர்பாக்ஸை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தார். அதன் பிறகு ஆரம்பித்தது இன்ஜின் வேட்டை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே போவது பாய்க்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி. தனியாகப் போக மாட்டார். என்னையும் இன்னும் இரண்டு பேரையும் மினிவேனில் ஏற்றிக்கொண்டு, அவர் மனைவி ஆமினா அக்கா பொரித்துக் கொடுத்த சமோசாவோடுதான் போவார். யார்டுக்காரர் ஒரு தாடிக்கார வெள்ளையர். சமோசாவைத் தின்று முடித்துவிட்டு ஒவ்வொரு இன்ஜினாகக் காட்டுவார். பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். இதற்கு முன்னால் ஓட்டியவர் என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “வீட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புதோம்” என்பதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்துவிடுவார். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார்.

டெஸ்டர் அல்லவா, எதைக் காட்டினாலும் ஒரு குறை. பழைய காலத்து எட்டு சிலிண்டர் இன்ஜினா? பலம் உண்டு, பெட்ரோல் குடித்தே குடும்பத்தை அழித்துவிடும். புது மாடலா? “அது பூரா கம்ப்யூட்டர் சார். கம்ப்யூட்டர் உள்ள எதையும் நான் நம்ப மாட்டேன். நான் அதுலதான வேலை செய்யுதேன்!” டர்போ வைத்ததா? சூடு தாங்காது. கியர்பாக்ஸ் பேச்சை எடுத்தால் இன்னும் மோசம். பத்து கியர் ஆட்டோமேட்டிக்கைக் காட்டினால், எந்தக் கியரில் போவதென்று அதற்கே தெரியாது என்பார். காலால் கிளட்ச் மிதிக்கும் மேனுவலைக் காட்டினால், டாலஸ் டிராஃபிக்கில் தன் முட்டி கழன்றுவிடும் என்பார்.

ஜாதகம் பார்க்கும் வழக்கமே இல்லாத வீட்டில் பிறந்தவர், இன்ஜினுக்கு மட்டும் பொருத்தம் பார்த்தார். “இன்ஜின் மாப்பிள்ளை. கியர்பாக்ஸ் பொண்ணு. மாப்பிள்ளை எவ்வளவு துள்ளுவான்னு பாத்து, அதைத் தாங்குற பொண்ணாக் கட்டி வைக்கணும். இல்லைன்னா ஆறே மாசத்துல பல்லெல்லாம் கொட்டிரும்.”

டீ கொண்டுவந்த ஆமினா அக்கா நின்று கேட்டார். “அந்தத் துள்ளுற மாப்பிள்ளைய அடக்கி வைக்க வழி இல்லையாக்கும்?”

பாய் டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இத்தனை பொருத்தம் பார்த்தும் அவர் எதையும் முடிக்காததற்குக் காரணம் வேறு. “கிரீன் கார்டு வரட்டும் சார்.” எங்கள் தெருவில் சாப்பாட்டுக்கு அடுத்தபடி அதிகமாக வாயில் போட்டு மென்றது இந்த வாக்கியத்தைத்தான். கிரீன் கார்டு வரட்டும் என்று ஒருவர் சோஃபா வாங்கவில்லை, தரையில் உட்கார்ந்தே டி.வி. பார்த்தார். ஒருவர் பெண்ணின் பல்லுக்குக் கம்பி போடவில்லை. நான் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியவன் சுவருக்கு எந்த உரிமையில் பெயின்ட் அடிப்பது? வரியெல்லாம் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள், அதில் வரிசை கிடையாது. இருக்க விடுவதற்கு மட்டும்தான் வரிசை. அதில் நின்று நின்று எங்களுக்குத் தலை நரைத்தது.

பாய்க்கு ஒரே மகள், நஸ்ரின். ஆமினா அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். சின்ன வயதிலிருந்து அவள் வீட்டுப்பாடம் எழுதியது அந்த டிரக்கின் வலது சீட்டில். சீட்டுக்குப் புது உறை தைத்து, அதன் மேல் வந்த பிளாஸ்டிக் கவரைப் பாய் எடுக்கவே இல்லை. “உன்னை இதுல வச்சு ஃப்ரீவேல கூட்டிட்டுப் போற அன்னைக்குத்தான் கவரைக் கிழிப்பேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். கோடையில் அந்தக் கவர் அவள் காலில் ஒட்டிக்கொள்ளும். “வாப்பா, ஜஸ்ட் பிக் ஒன்!” என்று கத்துவாள். பள்ளிக்கூடம் முடிந்தது, காலேஜுக்கு மினிவேனில் போனாள். இன்ஜின் வரவில்லை.

பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகிவிட்டால் அப்பாவின் வரிசையில் அவளுக்கு இடம் இல்லை, அப்பாவின் விசாவில் இங்கே தங்கவும் முடியாது. இதுதான் இங்கே சட்டம். தெருவில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வாயில் சொல்லாமல் இருந்தோம். பாய் இரண்டு வக்கீல்களைப் பார்த்தார். இருவரும் வருத்தப்பட்டார்கள். வேறொன்றும் செய்ய முடியவில்லை. நடக்கப் பழகியதிலிருந்து டெக்சாஸைத் தவிர வேறு எதையும் அறியாத பெண், டொரான்டோவில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு டிக்கெட் போட்டாள்.

அதற்கப்புறம் பாய் யாரையும் கூட்டிக்கொள்ளாமல், சமோசா இல்லாமல், தனியாக யார்டுக்குப் போனார். இருந்ததிலேயே துள்ளுகிற மாப்பிள்ளையை ஒரே மத்தியானத்தில் முடிவு செய்தார். சூப்பர்சார்ஜர் வைத்த முரட்டு எட்டு சிலிண்டர். அதைத் தாங்குகிற கியர்பாக்ஸ் வந்து சேர நஸ்ரின் கிளம்பும் தேதி தாண்டிவிடும் என்று தெரிந்ததும், பழைய கியர்பாக்ஸிலேயே பூட்டச் சொன்னார். தாடிக்காரரே வேண்டாம் என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

“பாய், பொருத்தம் பொருத்தம்னு எங்க உயிரை எடுத்தது நீங்கதானே? இது தாங்காது.”

“ஏர்போர்ட் வரைக்கும் தாங்குனாப் போதும் சார்.”



கிளம்பும் நாள் காலையில் தெருவே வெளியில் நின்றது. பின்பாரம் இல்லாவிட்டால் டயர் வழுக்கும் என்று அதுவரை அரிசி மூட்டைகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தவர், அன்றைக்கு மகளுடைய பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினார். வலது சீட்டுக் கவரைக் கிழித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். சாவியைத் திருப்பியதும் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. ஆமினா அக்காவை மினிவேனில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். ஃப்ரீவேயில் ஏறியதும் டிரக் கண்ணுக்குத் தெரியாமல் பறந்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

நாலு எக்ஸிட் தாண்டியதும் சாலையோரத்தில் புகை. இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை.

“இன்ஜின்ல ஒரு குறை சொல்ல முடியாது சார்,” என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல்.

விமானத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பெட்டிகளை மினிவேனுக்கு மாற்றினோம். பாய் டிரக்கின் மேல் கையை வைத்தபடி நின்றார். நஸ்ரின் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து, “வாங்க வாப்பா, போலாம்” என்றாள். அவள் வாயிலிருந்து முழுதாக ஒரு தமிழ் வாக்கியம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தார். ஏர்போர்ட்டில் நஸ்ரின் உள்ளே போகும்போது, “கியர்பாக்ஸை மாத்திட்டு அங்க வாரேன்” என்றார்.

எங்கே போவது? வரிசையில் நிற்கிறவன் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர விடுவார்களா என்று யாருக்குத் தெரியும்? காத்திருந்தார். மகள் போய் ஒரு குளிர்காலம் முடிந்ததும் கிரீன் கார்டு வந்தது. நாங்கள் இனிப்போடு போனோம். பாய் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“குறை எதுவும் இல்லை. ரிலீஸ்தான் லேட்” என்றார். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, “எனக்கு இங்கயே இருந்துக்கன்னு சொல்லிட்டாங்க. என் பிள்ளை என்னைப் பாக்க வர விசா கேக்காங்க” என்றார். அந்த இனிப்பை யாரும் தொடவில்லை.

போன வாரம் அவரும் ஆமினா அக்காவும் டொரான்டோவுக்குக் கிளம்பினார்கள், டிரக்கில். பொருத்தம் பார்த்துப் புது கியர்பாக்ஸ் போட்டாகிவிட்டது, பின்னால் அரிசி மூட்டை. இத்தனை தூரம் எதற்கு, பிளேனில் போகலாமே என்று நாங்கள் ஆளாளுக்குச் சொன்னோம்.

“பிளேன்ல போனா அவளை எதுல வச்சு ஓட்டிக் காட்டுறது?”

பிளசன்டன் என்ற ஊரிலிருந்து போன மாதம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர் நேற்று என்னிடம் கேட்டார். “சார், அந்த வீட்ல தினம் காலைல ஒரு லாரி சத்தம் கேட்டுதே, காணோமே?”

எனக்கு மூக்கு சிவந்தது எனக்கே தெரிந்தது.

“லாரி இல்லைங்க,” என்றேன். “டிரக்.”