பத்தொன்பதாவது துண்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இப்போதும் அப்படி எழுதலாம் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன், கூடாதென்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மேலே படிக்கவும்),

வணக்கம். இங்கு நானும், என் மனைவியும், மகளும், காப்பகத்தின் இருபத்திரண்டு சிம்பன்சிகளும் சுகம். தங்கள் சுகத்தை, குறிப்பாகத் தங்கள் தலை... வேண்டாம், பொதுவாகவே தங்கள் சுகத்தை அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்குத் தாங்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "அப்பா ரூமை விட்டு வெளிய வரலை மாமா" என்கிறார். கல்யாணம் உண்டா இல்லையா என்று அடக்கமாகக் கேட்டால், "அவர் வாயைத் தொறந்தாத்தான் தெரியும்" என்கிறார். ஆகவே, நடந்ததை நடந்தபடியே எழுதி, இத்துடன் பார்சலும் அனுப்பி, தங்கள் வாயைத் திறக்கவைக்கும் முயற்சியாக இக்கடிதத்தை வரைகிறேன்.

தப்பு என் பேரில்தான். மருமகளாக வரப்போகிறவள் வேலை பார்க்கும் இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று தாங்கள் சொன்னபோதே, "அதெல்லாம் எதுக்கு சம்பந்தி, ஒரே நாத்தம்" என்று தட்டிக் கழித்திருக்க வேண்டும். அவள் இங்கே நர்ஸ், நான் சமையல் கூடத்துக்குப் பொறுப்பு, மாப்பிள்ளை மாதம் ஒரு முறை மின்வேலி சரிபார்க்க வருகிறவர்; வந்த இடத்தில் வேலியைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும். நானோ பெருமை பிடித்தவன். முப்பத்திரண்டு வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர் வருகிறார், நம் இடத்தின் ஒழுங்கைக் காட்ட வேண்டாமா என்று சமையல் கூடத்தை இரண்டு முறை கழுவிவிட்டேன்.

ஒழுங்கு என்று சொன்னால் சிரிக்காதீர்கள், நிஜமாகவே உண்டு. காலை ஆறரைக்கு நான் வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே கூச்சல் ஆரம்பம். ஆனால் தட்டு போகும்போது கப்சிப். ஜட்ஜ் என்று ஒரு கிழவர் இருக்கிறார், அவருக்கு முதல் தட்டு. அவர் ஒரு கேரட்டை எடுத்து முகர்ந்து பார்த்து, சரி என்று வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். சுத்தக்காரன் என்று இன்னொருத்தன், துடைப்பம் கேட்டு வாங்கித் தன் அறையைப் பளிச்சென்று பெருக்கி, குப்பை முழுவதையும் பக்கத்து அறைக்குள் தள்ளிவிட்டு யோக்கியனாக உட்கார்ந்துகொள்வான். மத்தியானம் புது வைக்கோல் போட்டால் அவரவர் படுக்கையை அவரவரே சுற்றிச் சுற்றி மெத்தையாக்கிக்கொள்வார்கள். என் வீட்டில் நான் போர்வை மடித்ததில்லை என்று மனைவி இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. இவர்களெல்லாம் யார்? ஒருத்தன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஊசி வாங்கி வாங்கிக் கையே மரத்துப்போனவன், ஒருத்தி யாரோ பணக்காரர் வீட்டில் கவுன் போட்டு வளர்ந்து, பெரியவளாகிக் கடித்ததும் கொல்லைப்புறத்துக்குத் தள்ளப்பட்டவள். எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது.

தாங்கள் அன்று உள்ளே வந்ததும் நான் தரையில் இருக்கும் மஞ்சள் கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டக்கூடாதுங்க" என்று சொன்னேனா இல்லையா? சத்தியமாகச் சொன்னேன். தாங்கள், "எட்டாம் வகுப்பு சி பிரிவைச் சமாளிச்சவன்யா நான், இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா" என்று சொல்லி, கோட்டைத் தாண்டி, தட்டு தள்ளும் சந்து துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். துருவெல்லாம் இல்லை, போன மாதம்தான் வர்ணம் அடித்தது. உள்ளிருந்து ஒரு கை வந்தது. வந்த கை வெறுங்கையாகத் திரும்பவில்லை. அந்தப் பொருளின் பெயரைத் தங்களுக்கு எழுத என் பேனா கூசுகிறது. இனி இக்கடிதம் முழுவதும் அதை மேற்படி பொருள் என்றே குறிப்பிடுகிறேன். தங்கள் துணைவியார், மாப்பிள்ளை, என் மனைவி, மகள், ஜட்ஜ் உட்பட அத்தனை பேரும் தங்கள் தலையையே பார்த்தார்கள். தாங்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் என் கண்ணைவிட்டுப் போகாது. மறக்க முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

போதாததற்கு என் மகள் ஓடி வந்து, "மொட்டை! குடுத்துடு! நல்ல மொட்டை இல்ல?" என்று கத்தினாளே, அதற்குத் தாங்கள் திரும்பிப் பார்த்த பார்வை! ஐயோ சம்பந்தி, அது தங்களை இல்லை. மேற்படி பொருளை எடுத்தவளின் பெயரே அதுதான். நாலு வருஷமாகப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அவளுக்கும் உச்சந்தலையிலிருந்து முழங்கை வரை ஒரு முடி கிடையாது. பொருட்காட்சி நடத்துகிற ஒருவன் பதினாறு வருஷம் தனியாக ஒரு கூண்டில் வைத்திருந்தான். பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை, தன் முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கி அப்படி ஆகிவிட்டாள். இங்கே வந்த பிறகும் மற்றவர்களோடு சேரவில்லை. ஒருத்தர் முடியை ஒருத்தர் விலக்கி, பேன் இருக்கிறதோ இல்லையோ, மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இவர்கள் சிநேகிதம், அரட்டை, சமாதானம், எல்லாம். அவளிடம் விலக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? யாரும் பக்கத்தில் போவதில்லை. அவளும் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் தாங்கள் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் எட்டி நின்றிருப்பீர்கள்.

இப்போது என் இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. இவர்கள் கையில் சாவி, சுத்தியல், மூக்குக்கண்ணாடி என்று எது சிக்கினாலும் சத்தம் போடக்கூடாது, பிடுங்கக்கூடாது. ஒரு பழத்தைக் காட்ட வேண்டும். பொருள் முழுசாக வெளியே வந்ததும் பழம் உள்ளே போகும். ஒரு பொருளுக்கு ஒரு பழம், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக நானே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய் ஒரு குலை வாழைப்பழத்தையே தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். அவள் குலையைப் பார்த்தாள். மேற்படி பொருளைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்து வெளியே நீட்டினாள். நான் மடையன், கிடைத்தவரை லாபம் என்று அதை வாங்கிக்கொண்டு ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டேன். என் மகள் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! துண்டுக்கு ஒரு பழம்னு கத்துக் குடுத்துட்டீங்களே!" என்றாள். அதற்குள் மொட்டை இரண்டாவது துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தாங்கள் காரில் ஏறியது அப்போதுதான்.

அதன் பிறகு நடந்தது முழுக்க வியாபாரம். திங்கள்கிழமை ஐந்து துண்டு. செவ்வாய்க்கிழமை வாழைப்பழம் சலித்துவிட்டது, திராட்சை கேட்டாள். புதன்கிழமை நான் கொஞ்சம் முறைப்பாக, "இன்னிக்கு வேண்டாம் போ" என்று திரும்பி நடந்தேன். அவள் துண்டை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உடனே ஓடிப்போய்த் தேன் தடவிய ரொட்டி கொண்டுவந்தேன். இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. சுத்தக்காரன் தன் துடைப்பத்தின் ஒவ்வொரு ஈர்க்காக உருவி என்னிடம் நீட்டுகிறான். ஜட்ஜ் என் இடது செருப்பை வைத்திருக்கிறார், இன்னும் விலை சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பதினெட்டுத் துண்டு சேர்ந்தது. என் மனைவி மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மெல்லிய ஊசியால் கோத்துத் தைத்தாள். வகிடு இடது பக்கமா வலது பக்கமா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. நிச்சயத்தன்று எடுத்த படத்தை வைத்துப் பார்த்தோம், படத்தில் தாங்கள் நேராக நிற்கவில்லை. மகளைக் கேட்டால், "அவர் தலையை யாரும்மா பாத்தாங்க, அவர் என்ன சொல்வாரோன்னு அவர் வாயைத்தானே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள். கடைசியில் இடது என்று முடிவு செய்தோம். தப்பாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இத்துடன் வரும் பார்சலில் அது இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மறைத்தால் நான் மனுஷன் இல்லை. உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை. அதாவது, முன்பு முழுவதும் மறைத்ததை இனி முக்கால்வாசி மறைக்கும்.

அந்த ஓட்டைக்குரிய பத்தொன்பதாவது துண்டை மொட்டை தரமாட்டேன் என்கிறாள். வாழைப்பழம், திராட்சை, தேன், வேர்க்கடலை, என் மனைவியின் சீப்பு, என் கடிகாரம்கூடக் காட்டிப் பார்த்தேன். ஒரு கூடைப் பழத்தை முன்னால் வைத்தேன். அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துண்டைத் தன் முழங்கையில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முடியாக விலக்கி, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு, அத்தனை அக்கறையாகப் பார்க்கிறாள். நேற்று ஜட்ஜ் மெல்ல நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவரும் ஒரு விரலை நீட்டி இரண்டு முடியை விலக்கிப் பார்த்தார். நாலு வருஷத்தில் ஒருத்தர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மகள் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். இதை எழுதும்போது எனக்கும் கண் கலங்குகிறது. அதைப் பிடுங்கி வாங்க என்னால் முடியாது சம்பந்தி. தங்கள் கோபம் நியாயமானதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் என்னைத் திட்டுங்கள், வாசலில் நிற்கவைத்து முட்டி போடச் சொல்லுங்கள், போடுகிறேன். குழந்தைகள் இரண்டும் ஒன்றையொன்று உயிராக நினைக்கின்றன. அந்த ஒரு துண்டுக்காக அவர்களைப் பிரித்துவிடாதீர்கள். நடந்ததை வெளியே யாரும் மூச்சுவிடமாட்டோம். காப்பகத்தில் வேலை செய்கிற பதினான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அதை வாங்கிக்கொள்ள அவருக்குத் தங்கள் அனுமதி இருந்தால். தங்கள் கோபம் தணிந்து, பசி எடுத்து, அறைக் கதவு திறந்து, எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் ஒரு வரிப் பதிலுக்காகத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். பார்சலும் வராது. இன்று சனிக்கிழமை காலை கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, பசை எடுக்கக் கூண்டை ஒட்டியிருக்கும் சாமான் அறைக்குப் போனேன். ஜன்னல் வழியே பார்த்தால், பார்வையாளர் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய தொப்பி வருகிறது. தொப்பிக்குக் கீழே தாங்கள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு மஞ்சள் கோட்டை மறுபடியும் தாண்டினீர்கள். விதிப்படி நான் விசில் ஊத வேண்டும்; விசில் என் வாயில்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றினீர்கள். கம்பி வலைமேல் தலையைச் சாய்த்தீர்கள். மொட்டை வெகு நேரம் பார்த்தாள். பிறகு வலை வழியாக இரண்டு விரலை நீட்டி, தங்கள் காதோரம் மிச்சமிருக்கும் முடியை ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும், ஒரு கூடைப் பழத்துக்கும் என்னிடம் தராத அந்தத் துண்டை வலை வழியாகத் தங்கள் பக்கம் தள்ளினாள். தாங்கள் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, "நீயே வச்சுக்கோம்மா. எனக்கு இனிமே வேண்டாம். பையன் கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் இப்படியேதான் நிக்கப்போறேன்" என்றீர்கள். நான் அங்கேயே வெள்ளரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் உண்டென்று அவளிடம் சொல்லியாகிவிட்டது சம்பந்தி. பெண்ணைப் பெற்ற எனக்கு எப்போது சொல்வதாக உத்தேசம்?