ஓட்டையில் இருந்த ஊர்

மலை சரியும், ஆறு தடம் மாறும். எங்கள் நில அளவை அலுவலகத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரைபடம் மட்டும் தவறு செய்ததே கிடையாது. முப்பத்தோரு வருடம் அதைக் காத்தவன் சொல்கிறேன்.

வரைபடத்துக்கு வயது எண்பது. அதில் பன்னிரண்டு வருடம் எட்டாக மடிந்து, அதிகாரியின் ஆடும் மேஜைக்கு முட்டுக்கொடுத்தது. அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் செய்த வேலைதான். வரைபடத்துக்கு மட்டும் சம்பளம் இல்லை. மடிப்புகள் கூடும் இடத்தில், ஆற்றங்கரை ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அந்த இடத்தில் இருபத்துமூன்று வீடுள்ள ஊர் ஒன்று இருந்தது.

அணை கட்டுவது என்று முடிவானதும், மேஜைக்குச் செங்கல்லை வைத்து வரைபடத்தை 'மீட்டோம்'. முழுகப்போகும் ஊர்களுக்கெல்லாம் மாற்று மனை என்று பட்டியல் வந்தது. தன் ஊரை அதில் காணாமல் ஓடக்காரி ஒருத்தி வந்து நின்றாள்.

"வரைபடத்துல உங்க ஊரே இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"அந்த எடத்துல ஓட்டைல்ல சார் இருக்கு."

"அரசு ஆவணத்துல ஓட்டை இருக்காது. அது 'ஆளில்லாப் பகுதி'."

அவள் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினாள். "இந்தா, ஆள் இருக்கேன்."

"விரலை எடுங்க. ஆவணம் கிழியும்."

"போன தேர்தல்ல ஓட்டு கேட்டு வந்தவங்க என் ஓடத்துலதானே வந்தாங்க?"

"அது ஓட்டு. இது ஓட்டை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஓட்டை விழறதுக்கு முன்னாடி எங்க ஊர்ப் பேரை இதுல படிச்சிருப்பீங்கல்ல? அதைச் சொல்லுங்க, போதும்."

படித்திருக்கிறேன். ஏழு எழுத்து, கறுப்பு மை. ஆனால் பாருங்கள், சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறியது: 'வரைபடம் முழுமையானது. குறைபாடு ஊரைச் சார்ந்தது.'

அணை நிரம்பியது. இருபத்துமூன்று வீட்டாரும் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு எங்களிடம் வரைபடம் இல்லை.

நான் ஓய்வு பெறும் நாளில் ஓட்டைக்கு நீலக் காகிதம் ஒட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன். இன்றைக்கு வரைபடத்துக்கும் பூமிக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

அந்த இருமல் அதன் பிறகு வரவே இல்லை. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு டாக்டரிடம் போனேன். நெஞ்சைப் படம் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பெரியவரே, உங்க நெஞ்சுல ஒண்ணுமே இல்லை."

படத்தில் இல்லை என்றால் இல்லைதான்.