டேய் என்றார் சம்பந்தி: பேக்ஹோ மாட்டிக் கழற்றிய விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும், அடுத்த வீட்டில் உங்கள் அப்பாவும் அம்மாவும் நலம். உங்கள் டிராக்டரும் நலம். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், பதறாமல் படிக்கவும்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் தேங்குவதும், அது யார் வீட்டுச் சரிவிலிருந்து வருகிறது என்ற தகராறில் உங்கள் அப்பாவும் நானும் பேச்சை நிறுத்திக்கொண்டதும் நீங்கள் அறிந்ததே. போன வாரத்து மழையில் அந்தத் தண்ணீர் பாரபட்சமே பார்க்காமல் இரண்டு சமையலறைக்குள்ளும் புகுந்துவிட்டது. "வாய்க்கால் வெட்டுற வரைக்கும் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்" என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டிலும் அதே தீர்மானமாம். இரண்டு பேரும் மதிலோரம் நின்று பேசிவைத்துக்கொண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி என்று உங்கள் சின்ன டிராக்டரை எடுத்தேன். கொட்டகையில் தன் ஊன்றுகால்களில் நிற்கிறதே பள்ளம் தோண்டும் பேக்ஹோ, அதைப் பின்னால் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்: ரிவர்ஸில் வருவீர்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பின் சொருகுவீர்கள், கையைத் துடைத்துக்கொள்வீர்கள். நானும் ரிவர்ஸில் வந்தேன். ஒரு சாண் இடது பக்கம் விலகி நின்றது. முன்னால் போய் மறுபடி வந்தேன், ஒரு சாண் வலது பக்கம். இறங்கிப் பார்ப்பதும் ஏறுவதுமாக என் முழங்கால் கழன்றுவிடும்போல ஆனபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் அப்பா கனைத்தார். யாரையும் பார்க்காமல், "ஸ்டியரிங்கை ஒடிச்சா ஆகாது, நேரா வரணும்" என்றார். நானும் வானத்தைப் பார்த்து, "தெரிஞ்சவங்க பின்னால நின்னு கை காட்டினா நேரா வரலாம்" என்றேன். வந்துவிட்டார் மாப்பிள்ளை! காலையிலிருந்து அவரும் வெறும் வயிறுதானே.

அவர் கை காட்ட, வண்டி நேராக வந்து சேர்ந்தது. பேக்ஹோவின் ஆயில் குழாய்களை டிராக்டரில் மாட்டப் போனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. கொட்டகைத் தகரச் சூட்டில் கிடந்ததில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. பேக்ஹோ லீவரை அப்படியும் இப்படியும் ஆட்டினால் அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்று அப்புறம் தெரிந்தது. அதற்குள் நான் குழாயின் மூக்கை அழுத்தி, உங்கள் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு ஆயில் அபிஷேகம் செய்துவிட்டேன். செத்தேன் என்று நினைத்தேன். அவரோ சட்டையைப் பார்த்துவிட்டு, "போகட்டும், எனக்கும் பிடிக்காத சட்டைதான்" என்று சிரித்துவிட்டார். பிறகு குழாய்களை மாட்டி, எஞ்சினைப் போட்டு, ஊன்றுகால்களை ஏற்றி இறக்கி, ஓட்டைக்கு நேரே ஓட்டை வந்ததும் பின் இரண்டையும் சொருகினோம். வாய்க்கால் வெட்டியதில் இரண்டு வீடும் நடுவை நோக்கித்தான் சரிந்திருக்கிறது என்று தெரிந்துபோச்சு. இரண்டு பேரும் அவசரமாக மண்ணைக் கரையில் ஒதுக்கினோம்.

கழற்றுவதில்தான் கண்டம். மண்தரையில் விட்டால் கால் புதைந்து சாய்ந்துவிடும் என்று கொட்டகைச் சிமென்ட் தரைக்கே கொண்டுவந்து, ஊன்றுகால்களையும் பக்கெட்டையும் தரையில் அழுத்தி, பின்னை உருவினோம். குழாய்களையும் கழற்றிவிட்ட நினைப்பில் வண்டியை முன்னால் நகர்த்தினேன். ஒரு குழாய் கழற்றாமலே கிடந்திருக்கிறது. அது விறைத்துக்கொண்டு வர, உங்கள் அப்பா, "டேய்! நிறுத்துடா!" என்று கத்தினார். நிறுத்தினேன், குழாய் பிழைத்தது. உங்கள் கல்யாணத்திலிருந்து "வாங்க, போங்க" என்று தள்ளியே நின்ற மனுஷன் என்னை டேய் என்று கூப்பிட்டது மனசுக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அன்று இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் ஒரே மேஜையில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஆக, பேக்ஹோ கழற்றிய நிலையில் கொட்டகையில் பத்திரம். அடுத்த வாரம் நீங்கள் வந்ததும் டிராக்டரை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பலாம். என் மகளுக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் எல்லாம் கூடிவர வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்.

பி.கு.: இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சொருகினோமா? ரெண்டு பின்னையும் சொருகினது நான்" என்கிறார். யார் சொருகியது என்று நிரூபிக்க இப்போதுதான் மறுபடி மாட்டிப் பார்த்தோம். இடது பக்கத்துப் பின் இறுகிவிட்டது, உருவினால் வர மாட்டேன் என்கிறது. வரும்போது பெரிய சுத்தியல் ஒன்று கொண்டுவரவும்.