செங்கம் ரோட்டு வியன்னா

"இந்த ஸ்வெட்டரை நான் கழட்டப் போறேன்," என்றாள் தங்கம்மாள்.

"கழட்டாத. வியன்னாவுல குளிரும்," என்றார் ராஜமாணிக்கம்.

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், பாஞ்சாலை என்ற அம்மாள் நடத்தும் சின்ன விடுதியின் வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். அவர் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர். அவள் பட்டுப்புடவைக்கு மேல் மெரூன் கலர் ஸ்வெட்டர். அந்த வழியாகப் போன சாமியார் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, எத்தனையோ பார்த்தவர் என்பதால் ஒன்றும் கேட்காமல் போனார்.

கலெக்டர் ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயரான ராஜமாணிக்கத்துக்கு, பொய் பேசத் தெரியாத மனுஷன் என்று குடியிருக்கும் வேங்கிக்காலில் நல்ல பேர். பழக்கமில்லாத வேலை என்பதால் எடுத்த எடுப்பிலேயே பெரிய பொய்யாகச் சொல்லிவிட்டார்.

மகன் அருண்பிரசாத்துக்கு வியன்னாவில் வேலை. வயது ஏறிக்கொண்டே போனது; வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. கடைசியில் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் அன்பரசன், தன் மகள் கவியாவைக் கொடுக்க முன்வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு நடை போயி மாப்பிள்ளை இருக்கிற ஊரைப் பாத்துட்டு வந்துடுங்க சம்பந்தி. பெத்தவங்க கண்ணால பாத்தாச்சுன்னா எனக்கு அது போதும். தட்டு மாத்திக்கலாம்."

"டிக்கெட்டே போட்டாச்சு!" என்றார் ராஜமாணிக்கம்.

விசா கிடைக்கவில்லை. "விடுங்கப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று மகன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். ஆனால் அன்பரசன் மாலையோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, இருவரையும் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கண்கலங்கக் கையாட்டினார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

"விசா வரலன்னு சொல்லிட்டா என்னங்க? கொலைக் குத்தமா?" என்று தங்கம்மாள் ஆட்டோவிலேயே கேட்டாள்.

"விசாவே வரலன்னா, பையன் நெஜமாவே அங்க இருக்கானான்னு கேப்பாங்கடி. இந்த இடமும் போச்சுன்னா அப்புறம் அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

தங்கம்மாளுக்கும் அந்தக் கவலைதான்.

ஊரில் வெள்ளைக்காரர்கள் நடமாடுகிற இடம் இந்தச் செங்கம் ரோடு ஒன்றுதான். சொந்த வீடு பக்கத்திலேயே இருக்க, உள்ளூர்க்காரன் எவனும் இங்கே ரூம் போட்டுத் தங்கமாட்டான். யார் கண்ணிலும் படாமல் ஐரோப்பாவில் இருக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்காவது வருமா என்று ராஜமாணிக்கத்துக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசல் காகிதப்பூக்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, 'இன்று வியன்னாவைச் சுற்றிப் பார்க்கிறோம்' என்று எழுதி அன்பரசனுக்கு அனுப்பினார். கவியாவிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அங்க இப்ப விடியக்காலம் மூணரை மணி தானே? இவ்ளோ வெளிச்சமா இருக்கே?"

ராஜமாணிக்கத்துக்கு நேர வித்தியாசம் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இங்க வெயில் காலத்துல சூரியன் சரியா தூங்கறதில்லம்மா," என்றார்.

அதன் பிறகு ஜாக்கிரதையாகிவிட்டார். பத்து மணிக்குத் தங்கம்மாள் இட்லி கேட்டபோது, "வியன்னாவுல இன்னும் பல்லே தேச்சிருக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டார். "தேய்க்காதவங்க கிடக்கட்டும், நான் தேச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தாள்.

அடுத்த போட்டோவில் வெள்ளைக்காரர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அங்கேதான் சிக்கல். தெருவில் வெள்ளைக்காரர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஒருவர் வேட்டி கட்டியிருந்தார், ஒருவர் காவி. ஒருவர் நெற்றி நிறைய விபூதி. ஒரு அம்மாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கொலுசு சத்தத்தோடு போனாள். அந்தத் தெருவிலேயே பேன்ட் போட்டிருந்தவர் ராஜமாணிக்கம் ஒருவர்தான்.

கடைசியில் காபிக் கடை வாசலில் பேன்ட் போட்ட ஒருவர் அகப்பட்டார். அவரைக் கெஞ்சி, பின்னால் நின்ற ஆட்டோவை நகர்த்தச் சொல்லி, மாட்டை விரட்டி, செருப்புக் கடைப் பலகையைக் குல்லாவால் மறைத்து ஒரு போட்டோ எடுத்தார். அசல் ஐரோப்பா. திருப்தியோடு அனுப்பினார்.

உடனே அன்பரசன் கூப்பிட்டார்.

"சம்பந்தி, பின்னாடி நம்ம மலை தெரியுதே?"

ராஜமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். மலை நின்றிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. போதாததற்கு, போட்டோவில் தங்கம்மாள் கேமராவைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது ஆல்ப்ஸ் மலைங்க," என்றார்.

"அப்படியே அச்சு அசலா அண்ணாமலையார் மாதிரியே இருக்கே!"

"அதனாலதான் இவளும் கும்பிட்டா."

"இருங்க, இன்னொரு தடவை பாக்கறேன்," என்றார் அன்பரசன். மாட்டிக்கொண்டோம் என்று ராஜமாணிக்கம் குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஆனால் அன்பரசன் அந்தப் பக்கம் போட்டோவையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை கடல் தாண்டிப் போயும் அண்ணாமலையாரு நிழல்லதான் இருக்காரு. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கணும்? ஐயரை வரச் சொல்லிட்டேன். சொந்தக்காரங்க எல்லாரும் கூடத்துல உக்காந்திருக்காங்க. மூணு மணிக்கு வீடியோ கால்ல வாங்க. மாப்பிள்ளையைப் பக்கத்துல நிக்க வச்சு, அந்த ஊரு அரண்மனையையும் ஒரு சுத்து காட்டிடுங்க. கையோட நாள் குறிச்சிடறோம்."

போனை வைத்ததும் ராஜமாணிக்கத்துக்குக் குளிர ஆரம்பித்தது.

உடனே மகன் அருண்பிரசாத்தைப் போனில் கூப்பிட்டார்.

"டேய், மூணு மணிக்கு அரண்மனை முன்னாடி போயி நின்னு எங்களுக்கு ஒரு வீடியோ கால் போடுடா. மீதியை நான் சமாளிச்சுக்கறேன்."

"மீட்டிங் இருக்குப்பா. அதோட இன்னிக்கு அரண்மனை லீவு."

"அரண்மனைக்கு ஏதுடா லீவு?"

"பெயிண்ட் அடிக்கிறாங்க. நான் அப்புறம் பேசறேன்பா." வைத்துவிட்டான்.

"பாவம், வெள்ளைக்காரன் எவ்ளோ வேலை வாங்கறான் பாருங்க," என்றாள் தங்கம்மாள்.

மணி மூன்றை நெருங்கியது. ராஜமாணிக்கம் விடுதி முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். உண்மையையே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். கூடத்தில் ஐயரோடு உட்கார்ந்திருக்கும் கீழ்பென்னாத்தூர் சொந்தங்களை நினைத்ததும் அந்த யோசனை வந்த வழியே போய்விட்டது. மகன் கல்யாணக் கோலத்தில் நிற்பதைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று நிஜமாகவே அழுகை வந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா? காலையில இருந்து கம்பளி போட்டுக்கிட்டே இருக்கீங்க."

அவருக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. பையனுக்குப் பெண் பார்த்தது, விசா வராதது, ஆல்ப்ஸ் மலை, அரண்மனை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பாஞ்சாலை சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"இம்புட்டுதானா? இதுக்கா சார் கண்ணு கலங்கறீங்க?" என்று உள்ளே போய் ஒரு பெரிய பச்சைத் துணியைக் கொண்டுவந்து கொடியில் விரித்துப் போட்டாள். "இதுக்கு முன்னாடி நின்னுக்கங்க. கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணா பின்னாடி அரண்மனை வந்துடும். எனக்கு அது தெரியாது. மாடி ரூம்ல ஒரு தம்பி ஆறு மாசமா தங்கியிருக்கு. தெனமும் இப்படித்தான் வீட்டுக்குப் பேசும்."

ராஜமாணிக்கம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். தெய்வமே மாடி ரூமில் தங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது. கையில் போன் அடித்தது. திரையில் அன்பரசன்.

"சீக்கிரம் அந்தத் தம்பியைக் கூப்பிடும்மா!"

பாஞ்சாலை மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அருண்பிரசாத் தம்பீ! கொஞ்சம் கீழ வாங்க! இங்க ஒரு பெரியவரு அவசரமா வியன்னா போவணுமாம்!"